பின்னாடி போட்ட துணி

கடலை ஒட்டி ஓடுகிற ஆற்றுக்கு நிலையான புத்தி கிடையாது. மற்ற ஆறுகள் போனால் போனதுதான். இது போகும், திரும்பி வரும், மறுபடி போகும். வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிறவர்களைப் போல ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஏறி வரும்போது அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. வடியும்போதுதான் கரையிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும். பிடிப் பிடியாகப் போய்க்கொண்டிருந்தது ஒரு நாள் தெருவிளக்குக் கம்பத்தையே சாய்த்துவிட்டது. அதற்கப்புறம்தான் மேலிடத்துக்கு உறைத்தது.

கரையைச் செப்பனிடும் வேலைக்கு ஓவர்சியராக வந்தவள் அந்தத் தெருவுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல் அடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, அவள் வீட்டுக்காரர். வீட்டில் அவர் பேச்சை அவள் கேட்பாளோ இல்லையோ, கரையில் அவள் பேச்சை அவர் கேட்டாக வேண்டும். "மேடம் சொன்னா சரிதான்" என்று ஆட்களுக்கு முன்னால் பவ்வியமாகக் குனிவார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைப்பாள்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம்தான். தண்ணீர் வடிந்திருக்கிற நேரத்தில் கம்பிக்கூடைகளைக் கரையோரம் வரிசையாக வைத்து, உள்ளே கருங்கல்லை நிரப்பி, மூடியைக் கம்பியால் தைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிபோல ஏற்ற வேண்டும். கூடைக்கும் கரை மண்ணுக்கும் நடுவில் தடித்த துணி ஒன்று வர வேண்டும். கம்பளி மாதிரி இருக்கும். தண்ணீரை விடும், மண்ணை விடாது. கல்லையும் கூடையையும் பார்த்து ஊர் வாயைப் பிளக்கும். ஆனால் கரையைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணிதான். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, தண்ணீர் வடியும்போது கல் இடுக்கிலிருந்து ஒழுகுவதைப் பார்ப்பது. தெளிவாக ஒழுகினால் நல்லது. கலங்கலாக ஒழுகினால் மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்து வேலை முடிந்து, எல்லாரும் கைதட்டி, ஆட்கள் தெருவின் மறுகோடிக்கு நகர்ந்த பிறகு, ஒரு காலை வடிநேரத்தில் அவள் சேற்றில் இறங்கிக் கரையின் அடி வழியாக நடந்து வந்தாள். முதல் வீட்டுக்கு எதிரே தெளிவு. அடுத்ததற்கும் தெளிவு. பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், ரேகை தெரிந்தது. கடைசியாக, தெருக்கோடி வீட்டுக்கு எதிரே வந்தபோது கால் தானாக நின்றது. அங்கே கல் இடுக்கெல்லாம் பாலில்லாத டீ மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது மண்ணைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றியும் அல்ல. 'போச்சு. வேணும்னே செஞ்சுட்டான்னு சொல்லுவாங்க' என்பதுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள். ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

ஏனென்றால் அது அவள் நாத்தனார் வீடு.

நாத்தனார், மேஸ்திரிக்கு மூத்தவள். தையற்காரி. தனியாள். ஆற்றைப் பார்த்த பின்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கே ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பவள். ஊசியோடு பழகிய கண்ணுக்கு ஊசி முனையளவு குறைகூட உலக்கையாகத் தெரியும் போலிருக்கிறது. கல்யாணத்தன்று மணப்பெண்ணை எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்தபோது, "இடது கை தூக்கலா இருக்கே, யாரு தைச்சது?" என்று கேட்டவள் அவள். அன்று தொடங்கியது. சோறு குழைந்தால் குறை, விறைத்தால் குறை. பெண்பிள்ளை வேலைக்குப் போனால் குறை, லீவு போட்டு வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய குறை. இவளும் லேசுப்பட்டவள் இல்லை. வாய்க்கு வாய் பதில் சொல்லுவாள். நடுவில் மாட்டிய மேஸ்திரி ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக நின்று காலத்தை ஓட்டினார்.

தெருக்கோடியில் கூடை வைக்கத் தொடங்கியதும் நாத்தனாரின் ஜன்னல் திறந்தது. திறந்தால் மூட மாட்டாள். "அந்தக் கல்லு கோணலா இருக்கு." "கூடைக்கு வயிறு தள்ளுது பாரு." "இந்தாம்மா, உங்க ஆளு வேலை செய்யறானா, வேடிக்கை பாக்கறானா?" சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு, திரும்பி வருகிற தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு வேலை வாங்குகிறவளுக்கு இது எப்படி இருக்கும்? ஒரு நாள் அவள் இடுப்பில் கை வைத்து ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்ச நாளைக்கு உங்க வாயை நீங்க தைச்சு வெச்சுக்குங்க. இந்தக் கரையை நான் தைச்சுத் தரேன்."

ஆட்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துவிட்டார். நாத்தனார் மற்ற எவரையும் பார்க்கவில்லை. தம்பியை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜன்னல் சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எதிரில் பார்த்தால் தலையசைப்போடு சரி. இவளுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தலைவலி விட்ட மாதிரி இருந்தது.

இப்போது அந்த ஜன்னலுக்கு அடியில் மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. 'கரை' என்கிற சொல்லுக்கு அந்த இன்னொரு அர்த்தமும் இருப்பதை அவள் அன்றுதான் யோசித்தாள். சேற்றுக் காலோடு நேரே சாமான் கொட்டகைக்குப் போனாள். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அண்ணி வீட்டுப் பக்கம் துணி போட்டீங்களா?"

"போட்டிருப்போமே."

"போட்டிருப்போம்னா? போட்டோமா, இல்லையா?"

"நீதானே போன்ல சொன்னே, பின்னாடி போடுங்கன்னு."

"ஆமா, பின்னாடி. கூடைக்குப் பின்னாடி!"

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் பின்னாடின்னா… அப்புறமா போட்டுக்கலாம்னு சொல்றேன்னு நினைச்சேன். அந்த இடத்துல பழைய கல்சுவர் கொஞ்சம் இருந்துச்சே, அதனால மேடம் ஏதோ யோசிச்சு வெச்சிருக்காங்க, கூடை ஏறினதும் மேலேருந்து இறக்குவாங்கன்னு…"

"அப்புறம்?"

"அப்புறம் மறுநாளே வண்டிக்காரன் பின்பக்கம் மண்ணை ரொப்பிட்டான். நீ பாத்துப் போடச் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

"நான் நீங்க போட்டுட்டீங்கன்னு நினைச்சேன். சரி, போடலைன்னா மிச்சத் துணி எங்கேயாவது இருக்கணுமே. இப்ப எது மேல உக்காந்திருக்கீங்க?"

அவர் எழுந்து திரும்பிப் பார்த்தார். சாக்கு போர்த்திய உருளை. வேலை தொடங்கியதிலிருந்து டீ குடிக்க வாகான ஆசனம் என்று அவர் கொண்டாடிக்கொண்டிருந்தது. சாக்கை விலக்கினால் உள்ளே சுற்றுக் கலையாமல் துணி.

கோபம் வந்தது. ஆனால் அதை முழுசாக அவர் தலையில் கொட்ட அவளால் முடியவில்லை. ஆட்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயரே 'பின்னாடி மேஸ்திரி'. ஒழுகுகிற குழாயா, பின்னாடி பார்க்கலாம். பல்வலியா, பின்னாடி போகலாம். அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே அர்த்தம்தான். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் வேலை விஷயத்தில் எதையும் அவரிடம் இரண்டு விதமாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். அன்று மட்டும் ஒரு சொல்லோடு வைத்துவிட்டாள். வாயைத் தைக்கச் சொன்ன அதே நாள் அது. ஆபீசிலிருந்து பேசும்போது அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அந்த வீட்டைப் பற்றி அன்றைக்கு அதற்கு மேல் பேசப் பிடிக்கவில்லை.

அதாவது பரவாயில்லை, வாய்தவறுதல் என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு? மற்ற வீடுகளுக்கு எதிரே எத்தனை தடவை நின்று, குனிந்து, இடுக்கில் கை விட்டுப் பார்த்தாள்! தெருக்கோடிக்கு வரும்போது மட்டும் ஜன்னல் திறந்துவிடுமோ என்று எட்டி நடந்து போயிருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டாமென்று செய்தாள். இரண்டும் ஒன்றா, வேறா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"இப்போதைக்குக் களிமண்ணை வெச்சு இடுக்கெல்லாம் அடைச்சுடலாம்" என்றார் மேஸ்திரி. "பௌர்ணமி ஏற்றம் வருது, தண்ணி இன்னும் மேல ஏறும். அது போகட்டும். பின்னாடி…" பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம். ஆத்துல மறைக்க முடியாது" என்றாள் அவள்.

ஆபீசுக்குப் போன் போட்டு, துணி விட்டுப்போனது, சொன்னது நான், சரிபார்க்காததும் நான் என்று ஒரே மூச்சில் சொன்னாள். என்ஜினீயர் கத்த வேண்டியதைக் கத்திவிட்டு, மண் தோண்டுகிற வண்டியை அனுப்புகிறேன் என்றார். அந்தப் பக்கம் சுலபமாக முடிந்தது. கஷ்டம் இந்தப் பக்கம். ஆற்றுப் பக்கமிருந்து கூடைகளைப் பிரித்தால் பௌர்ணமி ஏற்றத்துக்கு முன்னால் திரும்ப அடுக்க முடியாது. கரை அம்மணமாக நிற்கும். நிலத்துப் பக்கமிருந்துதான் தோண்டி, கூடைகளின் முதுகில் துணியை இறக்க வேண்டும். நிலத்துப் பக்கம் என்றால் நாத்தனாரின் கொல்லை. தையல் அறைச் சுவர் வரைக்கும் தோண்ட வேண்டியிருக்கும். அவள் மாட்டேன் என்றால் அவ்வளவுதான்.

"நானும் வரட்டுமா?" என்றார் மேஸ்திரி.

"வேண்டாம். சொன்னவ நான்தானே."

நாத்தனார் தைத்துக்கொண்டிருந்தாள். சின்ன அறை. சுவரோரம் வெட்டிய துணித் துண்டுகள் நிறவாரியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. நூல்கண்டுகள் ஆணிகளில் வரிசையாக. கழுத்தில் அளவு நாடா. மெஷினின் ஒரு காலுக்கு அடியில் மடித்த துணிகளை அண்டைகொடுத்திருப்பதை இவள் கவனித்தாள். ஒரு மடிப்பு இரண்டு மடிப்பு இல்லை, கையகலத் தடிமன்.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்."

நாத்தனார் மிதிப்பதை நிறுத்தினாள். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துணியை, போனை, பின்னாடி என்ற சொல்லை. பதிலுக்கு நாத்தனார் எழுந்து, ஜன்னலடியில் விரித்திருந்த மிதியடியைக் காலால் ஒதுக்கினாள். அடியில் தரை ஒரு தாம்பாளம்போலக் குழிந்து, விளிம்பில் பிளந்திருந்தது. பிளவில் புது மண் நிரப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, ஒரு கொத்துக்கரண்டி.

"தையல் நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. மெஷின் ஆடுதேன்னு பாத்தா, தரை இறங்குது. வாசல் பூந்தொட்டியிலேருந்து தினம் காலைல மண்ணு கொண்டாந்து போடுவேன். மறுநாள் பாத்தா இருக்காது." நாத்தனார் லேசாகச் சிரித்தாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நான் வாளியாலதான் அளந்தேன்."

"இத்தனை நாளா தெரியுமா உங்களுக்கு? ஏன் அண்ணி சொல்லலை?"

"நீதானே வாயைத் தைச்சுக்கச் சொன்னே."

குத்துகிற குரல் இல்லை அது. குத்தியிருந்தால் இவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். நாத்தனார் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். கட்டி முடிக்கல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா பாருன்னு நீ நினைப்பே. தம்பியும் சிரிப்பான். ஆயுசுக்கும் குறையே சொல்லிட்டிருந்தவ, நிஜமா ஒரு குறை வந்தா அதை எந்த வாயால சொல்றது?"

"நான் மட்டும் என்ன அண்ணி? எல்லா வீட்டுக்கு எதிரயும் நின்னு பார்த்தேன். இந்த ஜன்னலுக்கு எதிர்ல நிக்கவே இல்லை. நின்னிருந்தா என்னிக்கோ தெரிஞ்சிருக்கும்."

ஆறு வடிந்துகொண்டிருந்தது. தரைக்கு அடியில் எங்கேயோ களக் களக் என்று தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டேதான் நாத்தனார் இத்தனை நாளும் தைத்திருக்கிறாள்.

"மெஷினை யாரு தூக்குவா?" என்றாள் நாத்தனார் கடைசியில். "சும்மா கண்டவன் தூக்கக் கூடாது. அலைன்மென்ட் போயிடும்."

சம்மதம் அந்த ரூபத்தில் வந்தது.

மெஷின் மேஸ்திரி வீட்டு முன்னறைக்குப் போயிற்று, நாத்தனாரும் கூடவே. வண்டி கொல்லைக்குள் இறங்கியது. மேல் மண்ணை வாரியதும், தையல் அறையின் அடியில் ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பொந்து தெரிந்தது. மேலே சிமென்ட் தளம் மட்டும் அப்பளமாக நின்றுகொண்டிருந்தது. பௌர்ணமி ஏற்றம் வடிந்திருந்தால் அறையும் கூடவே வடிந்திருக்கும். மேஸ்திரி பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே மண் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு மேலயா அக்கா உக்காந்து தைச்சுட்டிருந்தா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது. ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவர் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் எதையும் தள்ளிப்போடவில்லை. வடிநேரம் வடிநேரமாகத் தோண்டி, கூடைகளின் முதுகு அடிவரை தெரிந்ததும், உருளையைப் பிரித்துத் துணியை இறக்கினார்கள். நாத்தனார் கொல்லையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுக மூடியிருந்தது. ஆனால் விரல்கள் நாடாவைப் பிசைந்தபடி இருந்தன. இரண்டு துணிகள் சேருகிற இடத்தில் ஆட்கள் ஒன்றின் மேல் ஒன்றைக் கொஞ்சமாகப் போட்டபோது அவள் கழுத்து முன்னால் நீண்டது. சட்டென்று திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லை."

"ஏதோ சொல்ல வந்தீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கெதுக்கு?"

அவள் பள்ளத்திலிருந்து ஏறி வந்து நாத்தனாருக்கு எதிரே நின்றாள். கையெல்லாம் மண். ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள்; அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள்.

"அண்ணி, அது நான் போட்ட தையல். போடத் தெரியாமப் போட்டுட்டேன். பிரிச்சு விட்டுடுங்க."

நாத்தனார் அவளையே பார்த்தாள். கண் கலங்கியது, அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் பள்ளத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஒட்டு ஒரு சாண்கூட இல்லையே, அது எப்படி நிக்கும்? ஒரு முழமாவது மேல ஏத்திப் போடச் சொல்லு."

இவளும் அதைப் பார்த்திருந்தாள். சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். அதற்கப்புறம் யார் நிறுத்துவது? துணியை இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் கிழியும், கொஞ்சம் தளர்ச்சி வேண்டும். அந்தப் பையனுக்குச் சட்டைப் பொத்தான் இல்லை, வீட்டில் கேட்க ஆள் இல்லையா. தம்பிக்குத் தொப்பை வந்துவிட்டது. மேஸ்திரி வீட்டுக் குழாய் ராத்திரியெல்லாம் ஒழுகுகிறது, மனுஷி எப்படித் தூங்குவாள். பாதிக்கு மேல் கரைக்குச் சம்பந்தமே இல்லை. இவள் எல்லாவற்றுக்கும் சரி அண்ணி, சரி அண்ணி என்று தலையாட்டினாள். மேஸ்திரி மறுநாளே குழாயை மாற்றினார்.

பௌர்ணமி ஏற்றம் வந்தது. தண்ணீர் மேல் கூடையின் விளிம்பைத் தொட்டு, கொஞ்ச நேரம் யோசித்து நின்று, இறங்கத் தொடங்கியது. மூவரும் கரையில் நின்றார்கள். கல் தெரியத் தெரிய இடுக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேஸ்திரி ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"தெளிவா இருக்கு."

நாத்தனார் டம்ளரை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அடியில கொஞ்சம் கலங்கல் நிக்குதே."

"புது மண்ணு, அக்கா. பின்னாடி தெளிஞ்சிடும்" என்றார் மேஸ்திரி. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். "நாளைக்குக் காலைல நானே வந்து பாக்கறேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

தையல் அறைக்குப் புதுத் தளம் காய்ந்து, மெஷின் பழைய இடத்துக்குத் திரும்பியது. காலுக்கு அடியில் அண்டைத்துணி தேவைப்படவில்லை. அடுத்து வந்த ஒரு வடிநேரத்தில் அவள் வழக்கம்போல் சேற்றில் இறங்கி, வீடு வீடாக இடுக்கில் கை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெருக்கோடி நெருங்கும்போது மேலே கொக்கி கழலுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் இரண்டு கதவும் பட்டென்று திறந்தன.

"இந்தாம்மா! அந்த மூணாவது கூடையில கம்பி துருத்திட்டு நிக்குது, கண்ணு தெரியலையா உனக்கு?"

அவள் எட்டி நடக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே போய்ச் சேற்றில் காலை நன்றாக ஊன்றி நின்றுகொண்டு, தலையை நிமிர்த்தினாள்.

"எந்தக் கூடை அண்ணி? சொல்லுங்க, இங்கேயேதான் நிக்கறேன்."